காசியில் விட்ட தயிர்

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு காய், ஒரு பழம், ஏதோ ஒன்று. விட்டதைச் சாகும் வரை தொடக் கூடாது. இந்த விஷயத்தில் எங்கள் ஆட்கள் காட்டுகிற கெட்டிக்காரத்தனம் இருக்கிறதே, அடேயப்பா! எங்களோடு ரயிலில் வந்த ஒருவர் நூல்கோலை விட்டார். இன்னொரு அம்மாள் கிவிப் பழத்தை விட்டார். அதை அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறார். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பாகற்காயை விட்டார். பிறந்ததிலிருந்து பாகற்காய் வாசனை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவர். என் கணவர் கத்தரிக்காயை விட்டார். அவரையாவது பாராட்ட வேண்டும், கத்தரிக்காய் அவருக்கு நிஜமாகவே பிடிக்கும்.

நான் தயிரை விட்டேன்.

சிரிக்காதீர்கள். தயிர் இல்லாமல் எனக்குச் சாப்பாடு முடிந்த மாதிரியே இருக்காது. கல்யாண வீட்டில் வடை, பாயசம், அப்பளம் எல்லாவற்றையும் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டுத் தயிருக்காகக் காத்திருக்கிற ஆள் நான். அதை ஏன் விட்டேன் என்றால், அந்த வருஷம்தான் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஒப்பந்த வேன் ஓட்டுகிறவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலி வந்து, வண்டியைச் சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டார். சென்னையில் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து வந்தார். அவர் பிழைத்தால் காசிக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் நான். படித்துறையில் ஈரச் சேலையோடு நின்றபோது, இந்த மனுஷனையே திருப்பிக் கொடுத்த கடவுளிடம் நூல்கோலை நீட்டினால் அவர் என்ன நினைப்பார் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு தயிரைச் சொல்லி முழுகினேன். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

திரும்பி வரும் ரயிலிலேயே தொல்லை ஆரம்பித்தது. டீ வாங்கி வாய்க்குக் கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னாமே இது? பால் ஊத்துன டீ குடிக்கிறே?"

"தயிரைத்தானே அண்ணி வுட்டேன்."

"தயிரு எத்துலேர்ந்து வருது? பால்லேர்ந்துதானே? சாமியாண்ட போயி வக்கீலாட்டம் பேசுவியா?"

டீயை ஜன்னல் வழியாகக் கொட்டினேன். அன்றோடு பாலும் போயிற்று. வீட்டுக்கு வந்தபின் மோர் போயிற்று. பிறகு பாயசம், பால்கோவா, மோர்க்குழம்பு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. கங்கையில் நான் ஒன்றை விட்டேன், புதுப்பட்டினத்தில் அண்ணி மிச்சத்தை எல்லாம் விடவைத்தார். அவர் கணவர் இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார், ஆகவே கண்காணிப்புக்குக் குறைவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கணவர் வேனை எடுத்துக்கொண்டு போய் முழுசாகத் திரும்பி வந்தார், அது போதுமென்று இருந்தேன்.

எட்டு வருஷம் இப்படி ஓடியது. போன ஐப்பசியில் ஒரு மழை நாள். புதுப்பட்டினம் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. வாசலில் ஒரே ஒரு படி. அந்தப் படியில் செருப்பு வழுக்கியது. உருண்டு விழவில்லை, குப்புற விழவில்லை. சும்மா கையை ஊன்றி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மணிக்கட்டில் முருங்கைக்காய் ஒடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாய் ஓடிவந்து, "அக்கா, அப்டியே இரு, கைய ஆட்டாத" என்று சொல்லி, கல்லாவை அப்படியே போட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மாவுக்கட்டு போட்ட டாக்டர், இப்படிச் சும்மா விழுந்ததற்கெல்லாம் இந்த எலும்பு உடைந்திருக்கக் கூடாது, எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டும் என்று செங்கல்பட்டுக்கு எழுதிக் கொடுத்தார். கட்டோடு கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். படம் எடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்க வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம். மேலே பல் தெரியச் சிரிக்கும் ஒரு குழந்தை, கீழே ஒரு டம்ளர் பால், நடுவில் எந்த வயதில் ஒரு நாளைக்கு எவ்வளவு சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று எழுதியிருந்தது. கணவர் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வேலை இல்லை, படித்தேன்.

தவழ்ந்து எழுந்து நடக்கிற குழந்தைக்கு ஐநூறு மில்லிகிராம். பள்ளிக்கூடம் போகப் போகக் கூடிக்கொண்டே போய்ப் பதிமூன்று வயதில் ஆயிரம். பதினாறு, பதினேழு வயதில் அதற்கும் மேலே ஓர் ஐம்பது. வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆயிரம்.

பதிமூன்று வயதில் எனக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தேன். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே எங்கள் ஊர். வீட்டில் எருமை இருந்தது. பால் முக்கால்வாசி சொசைட்டிக்குப் போகும், மிச்சம் என் அண்ணனுக்கு. அவன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடுகிறவன். நான் கேட்டால், "பொம்பளப் புள்ள பால் குடிச்சா சீக்கிரம் குந்திடும்" என்று அம்மா டம்ளரை மறைப்பாள். சீக்கிரம் வயதுக்கு வந்தால் கல்யாணச் செலவு சீக்கிரம் வந்துவிடுமாம். அண்ணனும் ஒன்றும் பெரிதாக ஓடிவிடவில்லை. இப்போது மதுராந்தகத்தில் உரக்கடை வைத்து உட்கார்ந்திருக்கிறான்.

சுவரில் அடுத்த வரி, பால் கொடுக்கும் தாய்க்கு ஆயிரத்து இருநூறு. எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகளுக்கு நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அதே அண்ணிதான் தயிர்ச் சட்டியை உறியில் ஏற்றினார். நான் தயிர் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். பூண்டுக் குழம்பும் சுட்ட அப்பளமும் தின்று தின்று நாக்கு செத்துப்போயிற்று. எனக்குள் இருந்ததைத்தான் அந்தக் குழந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன போகிறது என்று ஒருவர் கேட்டதில்லை.

கடைசி வரி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆயிரத்து இருநூறு. அதை ரெண்டு தடவை படித்தேன். அந்தச் சிரிக்கிற குழந்தைக்கு ஐநூறு, எனக்கு ஆயிரத்து இருநூறு! எங்கள் வீட்டில் காலையில் வரும் அரை லிட்டர் பாலை நினைத்துப் பார்த்தேன். கணவருக்குக் காப்பி, அண்ணிக்கு டீ, சாயங்காலம் மறுபடி கணவருக்கு, யாராவது வந்தால் அவர்களுக்கு, மிஞ்சியது உறைக்குப் போய்க் கணவருக்கும் அண்ணிக்கும் தயிர். எந்த வயதில் யாருக்கு அதிகம் வேண்டும் என்று இந்தச் சுவர் சொல்கிறதோ, அதற்கு நேர் தலைகீழாக எங்கள் வீடுகள் நடந்துவருகின்றன. எனக்குத் துக்கம் வரவில்லை. நல்ல கோபம் வந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படத்தைப் பார்த்துவிட்டு, "மணிக்கட்டு கூடிடும்மா. எனக்குப் பயம் உங்க இடுப்பு எலும்புதான்" என்றார். முதுகிலும் இடுப்பிலும் எலும்பு நன்றாக மெலிந்துவிட்டதாம். இன்னொரு தடவை இப்படி விழுந்து இடுப்பு போனால், ஆபரேஷன், படுக்கை, அப்புறம் எழுந்து நடப்பது நம் கையில் இல்லை என்றார். என் அம்மாவுக்கு அதுதான் ஆனது. குளியலறையில் விழுந்தவள் பிறகு தன் காலில் நிற்கவே இல்லை. கட்டிலில் கிடந்தபடி வாசலில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தாள். அந்தக் கட்டில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"பால், தயிர் எல்லாம் எவ்ளோ எடுத்துக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைம்மா. காசியில வுட்டுட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "எப்போ?"

"எட்டு வருஷம் ஆவுது."

"உங்களுக்கு மாதவிடாய் நின்னது எப்போ?"

"அதே வருஷந்தான்."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"மாதவிடாய் நின்ன உடனே வர்ற வருஷங்கள்லதான்மா எலும்பு வேகமாக் கரையும். சரியா அந்த நேரம் பார்த்து விட்டிருக்கீங்க. கத்திரிக்கா, வாழைக்கான்னு எதையாவது விட்டிருக்கக் கூடாதா?"

"கத்திரிக்கா இவரு வுட்டுட்டாரு" என்றேன்.

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். எலும்பு கரையாமல் இருக்க ஒரு மருந்தும், சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் எழுதினார். மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், டீயோடு போடக் கூடாது, ஒரே நேரத்தில் ஐநூறுக்கு மேல் உடம்பு ஏற்காது என்பதால் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். கடைக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் வெயிலில் நடக்க வேண்டும். "ஆனா மாத்திரை பாக்கிக்குத்தான்மா. முதல்ல சாப்பாடு" என்றார். ஒரு டம்ளர் பாலில் இருநூற்றைம்பதுக்குப் பக்கம் வருமாம், கெட்டித் தயிரிலும் கிட்டத்தட்ட அவ்வளவு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எலும்பு ஒடஞ்சா கட்டு போட்டுக்கலாம்மே. எந்தம்பி உசுருக்கு இன்னா பண்ணுவே? அவன் பொயச்சதே நீ வுட்டதாலதான். இப்ப நாக்குக்கு ஆசப்பட்டு அத்த எடுத்துத் தின்னா, சாமி கணக்கக் கேக்காதா?"

"நாக்குக்கு இல்ல அண்ணி. இடுப்புக்கு."

"கேவுரு கூழு குடி. நெத்திலி தின்னு. முருங்கக்கீரை தின்னு. எள்ளுருண்ட தின்னு. யாரு வேணான்னது? அத்துல இல்லாத சுண்ணாம்பா?"

நியாயத்தைச் சொல்ல வேண்டும், அண்ணி சொன்னதில் தப்பே இல்லை. கேழ்வரகில் பாலை விட அதிகம் இருக்கிறது. முள்ளோடு மெல்லுகிற நெத்திலியில் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் தின்றேன். காலையில் கூழ், மத்தியானம் நெத்திலி, கீரை. ஆனால் எனக்குக் கூழ் வயிற்றில் கல் மாதிரி உட்காரும், மாத்திரை அதற்கு மேல் வந்து உட்காரும். ரெண்டும் சேர்ந்து என்னைப் படுத்திய பாட்டை இங்கே எழுத முடியாது. மாத்திரையில் பாதியைத் தூக்கிப் போட்டேன். ஆயிரத்து இருநூறு என்பது எனக்கு ஒரு மலை மாதிரி தள்ளி நின்றது.

கணவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நெஞ்சு வலி வந்து பிழைத்தவருக்குச் சாவு எங்கே இருக்கிறது என்று எப்போதும் ஒரு கண் அங்கேயே இருக்கும். எனக்கும் பயம்தான், அதை மறைப்பானேன்? வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் தயிர்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். ஆடை கட்டி, கத்தியால் வெட்டுகிற மாதிரி கெட்டியாக இருந்தது. கரண்டியை எடுத்தேன். ஸ்டியரிங் மேல் கவிழ்ந்த அவர் தலை ஞாபகம் வந்தது. மூடிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். என் எலும்பு முக்கியமா, அவர் உயிர் முக்கியமா என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? அந்தக் கேள்வியே அயோக்கியத்தனம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தை மாதம் என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். மாசியில் குழந்தை பிறந்தது. அண்ணி மறுபடி பூண்டை உரிக்க உட்கார்ந்தார், மறுபடி தயிர்ச் சட்டி மேலே ஏறியது. உறி இல்லை, இப்போது ஃப்ரிட்ஜின் மேல் தட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். மகள் பட்டதாரி, தாம்பரத்தில் வேலை பார்க்கிறவள், என்ன பிரயோஜனம்? "அத்தை, டாக்டரே சாப்பிடச் சொல்லிகீறாங்க" என்றாள். "உங்க டாக்டரா புள்ள பெத்தா?" என்று அண்ணி கேட்டார். அவளும் பேசாமல் சுட்ட அப்பளத்தை ஒடித்தாள். எனக்கு அந்தச் சுவரில் இருந்த வரி ஞாபகம் வந்தது. ஆயிரத்து இருநூறு வேண்டிய ரெண்டு பேர் ஒரே வீட்டில் உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தோம்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆகியிருந்தபோது ரம்ஜான் வந்தது. ஃபேன்சி ஸ்டோர் பாய் வருஷா வருஷம் எங்களுக்கு மறக்காமல் அனுப்புவார். அன்றைக்கும் பெரிய டப்பாவில் பிரியாணி, ஒரு தூக்கில் கத்தரிக்காய், ஒரு கிண்ணத்தில் தயிர் வெங்காயம் வந்தது. எண்ணெய் மிதக்க, புளிப்பும் காரமுமாய் அந்தக் கத்தரிக்காய் இல்லாமல் எங்கள் பக்கம் யாருக்கும் பிரியாணி இறங்காது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். கணவர் தட்டில் அண்ணி பிரியாணியைக் குவித்தார். பிறகு தூக்கைத் திறந்தார்.

"பிரியாணிக்குக் கத்திரிக்கா இல்லாட்டி இன்னா ருசி? இந்தா தம்பி, இன்னும் ரெண்டு போட்டுக்கோ."

அவர் போட்டுக்கொண்டார். பிசைந்தார். சாப்பிட்டார்.

நான் அவர் வாயையே பார்த்தேன். எட்டு வருஷமாக என் அடுப்பில் கத்தரிக்காய் ஏறியதில்லை. அவர் விட்டதை அவர் கண்ணில் காட்டக் கூடாது என்று, எனக்குப் பிடித்த எண்ணெய்க் கத்தரிக்காயைக்கூட நான் செய்ததில்லை. போன ரம்ஜானுக்கும் இதே தூக்கு வந்தது. அதற்கு முந்திய ரம்ஜானுக்கும் வந்தது. நான் அடுப்படியில் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்திருப்பேன். அவர் இதே மாதிரி சாப்பிட்டிருப்பார்.

"அண்ணி, அது இன்னாது?" என்றேன்.

"எது?"

"அவரு தட்டுல நீங்க போட்டது."

"கத்திரிக்…" அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது.

கணவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு விழுங்கினார். வேறென்ன செய்வார்?

"இது கணக்குல வராது" என்றார். "நான் வுட்டது முள்ளு கத்திரிக்கா."

"முள்ளு கத்திரிக்காயா?"

"அதுவும் கொழம்புல போடறது. இது பிரியாணிக்குத் தொட்டுக்கறது. இது வேற."

"ஆமாமே" என்று அண்ணி பிடித்துக்கொண்டார். "நாலு பேரு ஆசையா குடுத்து அனுப்பிச்சத வேணான்னு சொல்லக் கூடாது. அது பாவம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் தயிரை விட்டேன், அது பாலாகி, மோராகி, பாயசமாகி ஊரையே வளைத்துக்கொண்டது. இவர் கத்தரிக்காயை விட்டார், அது முள்ளுக் கத்தரிக்காயாகி, குழம்பில் போடும் முள்ளுக் கத்தரிக்காயாகி, இன்னும் கொஞ்ச நாளில் வெள்ளிக்கிழமைக் குழம்பில் போடும் முள்ளுக் கத்தரிக்காயாகி இருக்கும். ஒரே கங்கை, ஒரே படித்துறை, பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் முழுகினோம்.

"ஏங்க, வெளியில வேற எங்கனா சாப்டுகினு இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தட்டில் பிரியாணியைக் கிளறினார். மூலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மகள் சொன்னாள். "எனக்கு நெனவு தெரிஞ்சு, வெள்ளிக்கிழமை ஆனா நைனாவுக்குக் கடை பிரியாணிதாம்மா."

"அப்ப வருஷக் கணக்கா சாப்டுகினு கீறாரு" என்றேன் அண்ணியிடம். "வெள்ளிக்கு வெள்ளி. சாமி கணக்கக் கேக்கலியே? மலையாட்டம் ஒக்காந்துகினு கீறாரே உங்க தம்பி?"

"ஆம்பள விஷயம் வேறமே!"

அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் அன்றைக்கும் எழுந்து போயிருப்பேன். தயிர் வெங்காயக் கிண்ணத்தை இழுத்தேன். கரண்டி எல்லாம் இல்லை, கையாலேயே அள்ளினேன். உடைந்து கூடிய அதே கை. அண்ணி, "ஐயையோ, வாணாம்மே, வாணாம்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. அந்த இடம் இன்னும் வலிக்கும்.

"கைய வுடுங்க அண்ணி. ஏற்கெனவே ஒரு வாட்டி ஒடஞ்ச கை."

விட்டுவிட்டார். நான் சாப்பிட்டேன். உப்பும் புளிப்புமாய், வெங்காயக் கடியோடு, எட்டு வருஷத்துக்குப் பிறகு அது தொண்டையில் இறங்கியது. சாப்பிட்டுக்கொண்டே கணவரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தான் மேலே போகிறது, கீழே வருகிறது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் அடுத்த வாய் எடுத்தேன்.

அப்போது அவர் வாயைத் திறந்தார். "வுடுக்கா, அவ சாப்டட்டும்."

நல்ல மனதோடுதான் சொன்னார், தெரியும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் உங்களக் கேக்கவே இல்லியே" என்றேன். "நான் வுட்டப்பவும் உங்களக் கேக்கல. எடுக்கறப்பவும் கேக்கல. கேவுருல இருக்கு, நெத்திலியில இருக்கு, எல்லாம் தெரியும். அத்தயும் தின்னுவேன். இத்தயும் தின்னுவேன். எனக்குத் தயிரு புடிக்கும். அவ்ளோதான்."

மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பூண்டுக் குழம்புச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது.

"எனக்கும் ஊத்தும்மா."

"அடிப்பாவி, புள்ளைக்குச் சளி புடிக்கும்!" என்று அண்ணி கத்தினார்.

நான் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேல் தட்டிலிருந்து தயிர்ப் பாத்திரத்தையே எடுத்து வந்தேன். அவள் தட்டில் ஊற்றினேன். என் தட்டில் ஊற்றினேன். பாத்திரத்தை ரெண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். அண்ணி கை கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்து ஒரே வார்த்தை சொன்னார். "அடுத்த மாசம் தம்பிக்கு நெஞ்சு செக்கப்பு கீது. அத்துல எதுனா வந்துச்சு, நீதான் பதில் சொல்லணும்." சரி என்றேன். அந்த ஒரு மாதமும் தினம் தயிர் சாப்பிட்டேன். காலையில் ஒரு டம்ளர் பால் குடித்தேன். அரை லிட்டர் ஒரு லிட்டரானது. கூழும் நெத்திலியும் மாத்திரையும் அது அது பாட்டுக்கு. கூட்டிப் பார்த்தால் என் ஆயிரத்து இருநூறைத் தொட்டிருந்தேன். காலையில் கடலோரம் வெயில் ஏற ஏற நடந்தேன். குழந்தைக்குச் சளி பிடிக்கவில்லை. கணவர் தும்மினால் மட்டும் அண்ணி என்னைப் பார்ப்பார். நானும் அவரைத் திருப்பிப் பார்ப்பேன்.

செக்கப்புக்குச் செங்கல்பட்டு போனோம். அவரை உள்ளே அழைத்துப் போய் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஒருவேளை ஏதாவது வந்தால், ஒரு கிண்ணம் தயிருக்காக மனுஷனைக் கொன்றவள் என்று ஊரே பேசும், நானும் உள்ளுக்குள் நம்புவேன். இருந்தாலும் எழுந்து போய் எந்தச் சாமியிடமும் எதையும் விடுவதாகச் சொல்லவில்லை. அந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதய டாக்டர் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கார்" என்றார். "கொழுப்புதான் கொஞ்சம் ஏறியிருக்கு. வெளியில எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிடறாரா?"

"வெள்ளிக்கெயம பிரியாணி சார். கத்திரிக்காயோட" என்றேன்.

"அதை விட்டுடச் சொல்லுங்க."

வெளியே வந்தோம். நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பால் பூத். கெட்டித் தயிரை அடித்துப் பெரிய கண்ணாடி டம்ளரில் லஸ்ஸி ஊற்றிக்கொண்டிருந்தான். ஒன்று வாங்கினேன். முப்பத்தைந்து வருஷமாக எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. இளநீரோ சோடாவோ நான் எதை வாங்கினாலும் முதலில் அவர் கைக்குப் போகும், அவர் குடித்த மிச்சம் எனக்கு வரும். யாரும் சொல்லி வந்ததில்லை, கை தானாகப் பழகிவிட்டது. அன்றைக்கும் அவர் பேசிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

நான் டம்ளரை வாயில் வைத்தேன். நிறுத்தாமல், மூச்சு விடாமல், அடியில் ஒட்டியிருந்த ஆடை வரைக்கும் குடித்தேன். வாயைத் துடைத்தேன். நீட்டிய கை அப்படியே இருந்தது. காலி டம்ளரை அதில் வைத்தேன்.